பன்றியைப் பிடித்தீர்கள், புழுவை விட்டுவிட்டீர்கள்

எங்கள் மாவட்டத்தின் சுகாதாரத் துறை, பள்ளிக் கல்வித் துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கு,

“மனுதாரர் குறிப்பிட்ட பகுதியில் சுற்றித் திரிந்த பன்றிகள் அப்புறப்படுத்தப்பட்டன. மனு முடித்து வைக்கப்படுகிறது.”

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இவ்வளவுதான். நான் கேட்டது வேறு. என் மகளுக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு பையனுக்கும் மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்திருக்கிறது, எங்கள் தெருவில் யார் வயிற்றிலாவது அந்தப் புழு இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். பன்றிகளைப் பிடியுங்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

நான் ஊரில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகங்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்து வரும் மனுக்களில் பாதியாவது என் கையால் தட்டச்சு ஆனவைதான். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக நான் எழுதிய முதல் மனு இது. ஊர்ப் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் இந்த மடலில் எழுதவில்லை. மனு எண் உங்களிடம் இருக்கிறது. ஊர் அறிய எழுதினால் அந்த இரண்டு பிள்ளைகளையும், பன்றி வளர்த்துப் பிழைக்கும் நான்கு குடும்பங்களையும்தான் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

போன வருடம் ஒரு காலையில், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று மகளுக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பனை என் வாயில் கடித்திருந்தேன். அவள் வலது கை தரையில் டப் டப் என்று தட்ட ஆரம்பித்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து “சும்மா இரு பாப்பா” என்றேன். “நான் ஆட்டலம்மா, அதுவா ஆடுது” என்றாள். அதற்குள் வாய் வலப்பக்கம் கோணிக்கொண்டு போனது, கண் மேலே செருகியது, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு ஆயா ஓடி வந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். சாவியோடு அந்தக் கை இன்னும் வேகமாக ஆடியதுதான் மிச்சம். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். ஒரு பக்கச் சடை பின்னியபடியும் மறு பக்கம் அவிழ்ந்தபடியும் தூங்கினாள்.

முதல் மருத்துவர் சத்துக்குறைவு என்றார். டானிக் கொடுத்தார். உறவுக்காரர்கள் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். 11 நாள் கழித்து மறுபடியும் வந்தது. அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து மூளையின் இடது பக்கத்தில் ஒரு சின்ன வளையத்தைக் காட்டினார். மிளகை விடக் கொஞ்சம் பெரியது. அதைச் சுற்றி வீக்கம். வளையத்துக்குள் ஒரு புள்ளி. “அந்தப் புள்ளிதான் புழுவோட தலை” என்றார். அடுத்ததாக அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டில் யாருக்காவது வெளிக்குப் போகும்போது வெள்ளையாக, நாடாத் துண்டு மாதிரி ஏதாவது போகிறதா?”

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. மனு கொடுத்த பிறகும் கேட்கவில்லை. இந்த மடலே அந்தக் கேள்விக்காகத்தான்.

நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கியவள். மனிதனிலிருந்து பன்றிக்கு ஓர் அம்புக்குறி, பன்றியிலிருந்து மனிதனுக்கு ஓர் அம்புக்குறி. அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியில் அரிசி மணிபோல இருக்கும் கொப்புளத்தை ஒருவர் தின்றால், அது அவர் குடலில் நாடாப்புழுவாக வளரும். சில மீட்டர் நீளம் வரை வளர்ந்து, ஆண்டுக்கணக்கில்கூட அங்கேயே கிடக்கும். அது கழித்துவிடும் ஒரு துண்டில் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கும். அந்த மலத்தைப் பன்றி தின்றால் அதன் தசையில் கொப்புளம் உண்டாகும். இதுவரை நான் வரைந்திருந்தேன். வரையாமல் விட்ட அம்புக்குறி ஒன்று உண்டு. அதே முட்டை, கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ பச்சைக் கீரை வழியாகவோ இன்னொரு மனிதரின் வாய்க்குள் போனால், பன்றிக்கு நடப்பது அவருக்கும் நடக்கும். முட்டை பொரிந்து, குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய் உட்கார்ந்து கட்டியாகும்.

ஆகவே என் மகளின் தலையில் இருப்பது பன்றிக்கறி தின்றதால் வந்தது அல்ல. அவள் தின்றதே இல்லை. யாரோ ஒருவரின் வயிற்றில் இருந்த புழுவின் முட்டை அவள் வாய்க்குள் போயிருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெரும்பாலும் வயிற்றுவலிகூட இருக்காது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே இது ஆபத்து, தன் முட்டை தன் வாய்க்கே போகலாம். குணப்படுத்தச் சரியான மாத்திரை ஒரு வேளை போதும். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அதைத்தான் நீங்கள் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

பெரு நாட்டில் தும்பெஸ் என்ற பகுதியில் இந்த நோயோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி இருக்கிறார்கள். அங்கே ஒரு முறை உண்டு. பன்றியின் நாக்கை இழுத்துப் பார்ப்பார்கள். நாக்கின் அடியில் கொப்புளம் தட்டுப்பட்டால், அந்தப் பன்றி திரியும் இடத்துக்குப் பக்கத்தில் புழு உள்ள மனிதர் இருக்கிறார் என்று பொருள். அந்தப் பன்றியிருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் உள்ள வீடுகளில் இருப்பவர்களைச் சோதித்து மருந்து கொடுப்பார்கள். அதே பகுதியில், மனிதர்களுக்குப் புழு மருந்தும் பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியுமாகச் சேர்த்துக் கொடுத்து, 107 கிராமங்களில் 105இல் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். 2016இல் அந்த முடிவு வெளியானது. பன்றியை அவர்கள் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. மனிதர் கழித்ததைத் தின்று நோய் வாங்கிய ஜீவனாக, எங்கே கோளாறு என்று காட்டும் சாட்சியாகப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு நாள் விடியற்காலை ஒப்பந்தக்காரரின் வண்டி வந்தது. ஏரிக்கரை ஓரத்தில் இருந்த நான்கு குடும்பங்களின் பன்றிகளைச் சுருக்குக் கம்பியால் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. ஒரு பன்றியின் நாக்கையும் யாரும் பார்க்கவில்லை. எங்கே கொண்டு போனார்கள், யார் தின்றார்கள் என்றும் தெரியாது. வேறோர் ஊருக்கு நோயையும் சேர்த்து அனுப்பினோமா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் என் கடைக்கு வந்து, “அக்கா, உன் மனுவாலதானே?” என்று கேட்டார். பிள்ளையின் கல்லூரிப் பணத்துக்காக வளர்த்த பன்றிகள் அவை. என்ன பதில் சொல்வது? என் மனுவின் நகலை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். வேறு என்னால் என்ன செய்ய முடியும்.

பன்றிகளுக்கு இதற்கென்றே தடுப்பூசி இருக்கிறது என்பது உங்களில் கால்நடைப் பக்கம் தொடர்புள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, நம் ஹைதராபாத்திலேயே தயாரிக்கப்பட்ட தடுப்பூசி அது. ஆக்ஸ்ஃபென்டசோல் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பன்றியின் தசையில் உள்ள கட்டிகளும் அழியும். அந்த நான்கு குடும்பங்களிடம் போய், பன்றிகளை அடைத்து வளர்த்துக்கொள்ளுங்கள், ஊசி நாங்கள் போடுகிறோம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள்.

சரி, பன்றியே இல்லாத இடத்துக்கு வருகிறேன். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தில், மத வழக்கப்படி பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு வலிப்பு வந்தது. மூளையில் இதே கட்டி. இந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் வயிற்றில் புழு இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கண்டறிந்து 1992இல் எழுதினார்கள். இதைச் சொல்வதால் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைத் துரத்துங்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கும் ஒரு வேளை மாத்திரைதான் தேவைப்பட்டது. பன்றியைத் துரத்தினால் நோய் போய்விடும் என்று எழுதி மூடிய உங்கள் கோப்புக்கு இதுதான் பதில். நீங்கள் பிடித்துப்போன பன்றிகள் திரும்பி வராமலே போகட்டும். எங்கள் தெருவில் ஒருவர் வயிற்றில் புழு இருக்கும்வரை இன்னொரு பிள்ளைக்கு வரும்.

இது ஏதோ வெளிநாட்டு நோய் என்றும் தட்டிக்கழிக்க முடியாது. இந்தியாவில் இது பற்றிய முதல் மருத்துவப் பதிவே சென்னையில்தான், 1888இல், வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றியது. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை போலும், கூலி என்று மட்டும்தான் நான் படித்தவற்றில் இருக்கிறது. பிறகு இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு வந்தபோது, அவர்களில் 450 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 1961இல் விரிவாகப் பதிப்பித்தார்கள். அந்தச் சிப்பாய்களிடம்தான், முட்டை உடம்பில் புகுந்து வலிப்பு வரப் பல ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதே தெளிவானது.

நம் பக்கத்திலேயே செய்த வேலை இதைவிடப் பெரியது. ஸ்கேன் வந்த புதிதில், நம் நாட்டில் வலிப்போடு வரும் பிள்ளைகளின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தால் அது காசநோய்க் கட்டி என்றே பலரும் நினைத்தார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்ற பிள்ளைகள் எத்தனையோ. 1980களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் போன்ற நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகள் என்று நிறுவினார்கள். என் மகளுக்குத் தவறான மருந்து கொடுக்கப்படாமல் இருந்ததற்கு அவர்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவின்படி, ஆயிரம் பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. இந்த நோய் நிலைகொண்டுள்ள நாடுகளில் ஏறக்குறைய 30 சதவீத வலிப்புக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதாவது தடுக்கக்கூடிய வலிப்பு. நம் வீட்டு வாசலில் ஆய்வு நடந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே தெருவில் வந்தால் தெருவைச் சோதிக்க வேண்டும் என்பது உங்கள் கோப்புகளில் இல்லையே!

முட்டை எப்போதோ உள்ளே போயிருக்கும், அந்த ஆள் இப்போது ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். கட்டி உயிரோடு இருக்கும்வரை சும்மா இருந்து, அது சாகத் தொடங்கி வீங்கும்போதுதான் வலிப்பு வருகிறது என்று மருத்துவரே சொன்னார். ஆனால் என் மகளுக்கு வயது 9. அந்தப் பையனுக்கு 7. அவர்கள் பிறந்ததிலிருந்து கணக்குப் பார்த்தாலும் அவ்வளவு ஆண்டுகள்தான். தெருவில் மொத்தம் 38 வீடு. எங்கள் வீட்டில் ஐந்து பேரும் எங்கள் செலவில் மூன்று மூன்று நாள் மலப் பரிசோதனை செய்துகொண்டோம், யாருக்கும் இல்லை. 38 வீட்டையும் நான் எப்படிச் சோதிக்க முடியும்? டப்பாவை நீட்டி மலம் கேட்டால் என்னை அடிக்க வருவார்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். அதற்குத்தான் உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் அலுவலகத்தில் ஒருவர், “அதான் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்கூல்ல பூச்சி மாத்திரை தர்றோமே” என்றார். அந்த மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகள் சப்பிச் சாப்பிடும் ஆல்பென்டசோல் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கானது. நாடாப்புழு ஒரு வேளை ஆல்பென்டசோலில் போய்விடும் என்று நம்ப முடியாது. அதற்கு நிக்லோசமைடு அல்லது பிரசிகுவான்டல் வேண்டும். மேலும் அந்த மாத்திரை பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. புழு சமைக்கிறவர் வயிற்றில் இருக்கலாம், கடைக்காரர் வயிற்றில் இருக்கலாம், என் வயிற்றில்கூட இருந்திருக்கலாம். பள்ளியில் கொடுக்கும் மாத்திரை எங்களை எப்படி எட்டும்?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மூளையில் கட்டி என்று தெரிந்ததும் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். கட்டிகள் நிறைய இருந்து மூளை வீங்கியிருந்தால் அந்த மாத்திரையே உயிருக்கு உலை வைக்கும். என் மகளுக்கு ஸ்டீராய்டோடு சேர்த்து, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவரின் கண்காணிப்பில்தான் கொடுத்தார்கள். அந்த நாட்களில் முகம் பூசணிக்காய்போல் உப்பிவிட்டது. நடுராத்திரி எழுந்து சோறு கேட்பாள். நான் பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுப்பேன், அடுப்படித் தரையில் உட்கார்ந்து தின்பாள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் போய்விட்டது. அந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று நிற்கிறது. அதனால் வலிப்பு மாத்திரை இன்னும் தொடர்கிறது.

இப்போது பள்ளிக் கல்வித் துறைக்கு.

ஸ்கேன் முடிந்து மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனபோது தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க பன்றிக்கறி சாப்பிடுவீங்களா?” என்பது. வகுப்பு வாசலில், மற்ற பிள்ளைகள் காதில் விழும்படி. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், நன்றாக வேகவைத்தால் அதில் எந்தக் கேடும் இல்லை. பிள்ளையின் நோயை வைத்து ஒரு குடும்பத்தின் சாதியையும் சாப்பாட்டையும் விசாரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அப்புறம் சொன்னார்: “வலிப்பு முழுசா நின்னப்புறம் கூட்டிட்டு வாங்கம்மா. இல்லன்னா டி.சி. வாங்கிக்குங்க.” இரண்டரை மாதம் என் மகள் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெராக்ஸில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போன பிறகுதான் உள்ளே விட்டார்கள். சட்டத்தை அச்செடுக்கக் கடை இல்லாத தாய் என்ன செய்வாள்?

இன்னமும் ஒன்று தீரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால் மூக்கில் அடிப்பதற்கு மிடசோலம் ஸ்பிரே ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பள்ளியில் வைத்திருக்க மறுக்கிறார்கள். எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். அதனால் அது அவள் பையில், ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுத்து அடிக்க ஆள் இல்லாமல்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்கிறேன். டைல்ஸ் ஒட்டி, பெயர்ப்பலகை வைத்து, திறப்பு விழாவும் நடந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் வேலிக்காத்தான் புதர் பக்கம் போகிறார்கள். கை கழுவும் தொட்டியின் குழாய் உடைந்து ஒரு வருடம் இருக்கும். மதியச் சாப்பாட்டில் முட்டை போடுகிறார்கள், நல்ல காரியம். ஒரு நாள் நான் போனபோது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் நகத்தால் ஓட்டைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். வெள்ளை முட்டையின் மேல் அவளுடைய ஐந்து விரல் அழுக்கும் ரேகையாகப் பதிந்திருந்தது. அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தபோது என் அடிவயிறு கலங்கியது.

இரவில் வரும் செப்டிக் டேங்க் லாரிகளை ஊரக வளர்ச்சித் துறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏரிக் கால்வாயில் திறந்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில்தான் கீரையும் கொத்தமல்லியும் விளைந்து எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வருகின்றன. நான் அலசி அலசிக் கழுவுகிறேன். ஆனாலும் கொத்தமல்லிச் சட்னி அரைப்பதை விட்டுவிட்டேன்.

அந்தப் பையனைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வலிப்பு மாத்திரை அரசு மருந்தகத்தில் இலவசம்தான். ஆனால் 15 நாளுக்குத்தான் தருவார்கள், அடுத்த முறை போனால் “ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்குங்க” என்பார்கள். இப்படி ஒரு முறை இல்லாமல் போனபோது, இருப்பது தீர்ந்துவிடக் கூடாதே என்று அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்தாம் நாள் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு விழுந்தான். கொதிக்கும் சாம்பார் அண்டா ஓர் அடி தள்ளி இருந்தது. யாரோ வாயில் கரண்டியைத் திணித்து முன்பல் ஒன்று உடைந்தது. ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, நேரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடு. இந்த நான்கு விஷயம் அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் உறவினர்கள் இதையெல்லாம் வெளியில் சொல்லாதே, நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா என்கிறார்கள். வலிப்பு என்பதற்காகத் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல இடம் தந்த வார்த்தையை 1999இலேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டதை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் மறைக்கப்போவதில்லை. மறைத்தால் அந்தப் புழுவுக்குத்தான் வசதி.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

முடித்து வைத்த என் மனுவை மறுபடி திறக்க வேண்டும். எங்கள் தெருவின் 38 வீடுகளிலும், ஏரிக்கரையின் நான்கு வீடுகளிலும் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு நாள் மாதிரியில் புழு தப்பிவிடும் என்பதால் வேறு வேறு நாட்களில் மூன்று முறை எடுக்க வேண்டும். புழு உள்ளவருக்கு, தேவை என்றால் அவரோடு வசிப்பவர்களுக்கும், மருத்துவர் முன்னிலையில் மருந்து தர வேண்டும். மூளையில் தெரியாமல் கட்டி உள்ளவருக்கு வலிப்பைக் கிளப்பிவிடாதபடி, குடலில் உறிஞ்சப்படாத நிக்லோசமைடு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். முடிவு யாருடையது என்று ஊருக்குத் தெரியக் கூடாது.

இனி மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தாலும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், அந்தத் தகவல் சுகாதாரத் துறைக்கு வர வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஒரு செவிலியராவது அந்த வீட்டுக்குப் போய், மருத்துவர் என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள்கூட இல்லாமல் போகக் கூடாது. மாத்திரையை மாதத்துக்கு ஒரு முறையாகக் கொடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு 15 நாளுக்கு ஒருமுறை வரிசையில் நிற்க அந்தத் தாயால் முடியவில்லை.

பள்ளிக் கல்வித் துறை, வலிப்பைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் வலிப்பு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்பிரேயைப் பள்ளியில் வைத்திருக்க அனுமதியுங்கள். எங்கள் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீரும், சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் குழாயும் சோப்பும் அடுத்த மாதத்துக்குள் வர வேண்டும். சத்துணவு சமைப்பவர்களுக்குச் சோதனை செய்யுங்கள், ஆனால் அதைக் காரணமாக வைத்து ஒருவர் வேலையும் போகக் கூடாது.

ஊரக வளர்ச்சித் துறை, லாரிகள் கால்வாயில் கழிவைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும். வண்டி எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். பன்றிகளைப் பறிகொடுத்த நான்கு குடும்பங்களுக்கு இழப்பீடும், இனி அடைத்து வளர்க்கக் கொட்டகையும், கால்நடைத் துறையோடு பேசித் தடுப்பூசியும் கொடுங்கள்.

இந்த மடல் உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் எங்கள் தெருவுக்கு எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அன்று நான் கடையை அடைத்துவிட்டு உங்களோடு வீடு வீடாக வருகிறேன். மாதிரி எடுக்க டப்பா இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 42 வீட்டுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் மனு கொடுத்த தாய்